பிரசிடென்ட்டை மிரட்டும் உத்தியோகம்

பல் டாக்டரைப் பார்த்தால்கூட மனிதன் வாயைத் திறந்துவிடுவான்; டி.வி. மைக்கைப் பார்த்த சொஸைட்டி செகரட்டரி திறக்க மாட்டார், திறந்தால் மூட மாட்டார். அவரைப் பழக்குவதுதான் என் உத்தியோகம்.

என் சித்தி டெல்லி துவாரகாவில் வக்கீல். அடுக்குமாடி சொஸைட்டிகளின் மேனேஜிங் கமிட்டிகள்தான் அவளுடைய கட்சிக்காரர்கள். பாதி வேலை கோர்ட்டில். மீதிப் பாதி, சொஸைட்டியின் பெயர் சாயங்காலச் செய்தியில் நாறாமல் பார்த்துக்கொள்வது. நான் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருப்பவள். என் ஒரே சொத்து தொண்டை. ஹிந்தியில் ‘பையா’, அதாவது ‘அண்ணா’, என்று நாங்கள் கூப்பிடும் காய்கறி வண்டிக்காரர், மெட்ரோ அறிவிப்பு, லோதி ரோடு பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த டீச்சர் என்று யார் குரலையும் அப்படியே எடுப்பேன். வீட்டில் இதற்காக வாங்கிய அடி கொஞ்சமல்ல. சித்திதான் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தாள். கமிட்டிக்காரர்களை உட்காரவைத்து, நான் டி.வி. நிருபர் மாதிரி கேள்வி கேட்டு மிரட்ட வேண்டும். அவர்கள் எங்கே உளறுகிறார்கள் என்று அவள் கவனிப்பாள்.

ஃப்ளாட் வாங்கிவிட்டு, லிஃப்ட்டுக்கும் தண்ணீருக்கும் கமிட்டிக்கும் பயந்து வாழும் சக ஜீவன்களே, உங்கள் பிரசிடென்ட்டை மனதில் நிறுத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

கரண்டிதான் மைக்

முதல் ஒத்திகை, சங்கரலிங்கம் அங்கிள் பிரசிடென்ட்டாக இருக்கும் சொஸைட்டியில். அவர் திருநெல்வேலிக்காரர், ஏதோ மத்திய அமைச்சகத்தில் ஃபைல் தள்ளி ஓய்வு பெற்றவர். செகரட்டரி குரானா அங்கிள், பஞ்சாபி. கமிட்டி ரூம் பேஸ்மென்ட்டில், பம்ப் ரூமை ஒட்டி. நான் துப்பட்டாவை ஒரு சுற்றுச் சுற்றி, சித்தி வீட்டுச் சாதக் கரண்டியை நீட்டியபடி உள்ளே பாய்ந்தேன். "டெல்லியே பார்த்துக்கொண்டிருக்கிறது! உங்கள் சொஸைட்டியில் நாய்க்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயமா?" என்று ஹிந்திச் சேனல் குரலில் ஒரே கத்தல்.

அந்த சொஸைட்டியில் நாய்ப் பிரச்சினையே கிடையாது. ஆனாலும் குரானா அங்கிள் வெளிறிப்போனார். "நோ கமென்ட்ஸ்" என்றார். சொல்லிவிட்டு, ஏ பிளாக்காரர் பால்கனியை மூடி அறை கட்டியது, அதற்கு யார் கண்ணை மூடிக்கொண்டது என்று கேட்காத கதையெல்லாம் கொட்டினார். சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒருத்தர்தான் பேசணும். தெரிஞ்சதை மட்டும் பேசணும். தெரியாததுக்கு, ‘தெரியாது, விசாரிச்சுச் சொல்றேன்’. அவ்வளவுதான் சார் சட்டம்" என்றாள். நான் கரண்டியைச் சங்கரலிங்கம் அங்கிள் பக்கம் திருப்பினேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஏளா, அந்தக் கரண்டியக் கொஞ்சம் தள்ளிப் பிடி, எனக்கு நெஞ்சு படபடன்னு வருது."

நோட்டீஸும் நியூஸும்

இது வேறொரு செக்டரில். ஒருவர் தன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, அதன் மஞ்சளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். அதைப் பார்த்தது அவருடைய மாமனார் வீட்டு ஆட்கள் மட்டும்தான். அந்த சொஸைட்டியின் பிரசிடென்ட்டுக்கு ரோஷம் வந்து, சித்தியைக் கேட்காமல், வேறு யாரோ வக்கீலை வைத்து மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பிவிட்டார். டம்ளர்க்காரர் அடுத்த படம் போட்டார்: இந்தப் பக்கம் டம்ளர், அந்தப் பக்கம் நோட்டீஸ். அதை டெல்லியே பார்த்தது.

கமிட்டி அலறிக்கொண்டு சித்தியின் ஆபீஸுக்கு ஓடி வந்தது. அவள் கோர்ட்டிலிருந்து வருவதற்குள் ஆபீஸ் போன் அடிக்க, நான் எடுத்தேன். யாரோ நிருபர். பயத்தில் என் வாயில் சித்தியின் குரல் வந்துவிட்டது. "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சித்தி அன்றைக்குத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "என் குரல்ல நீ பேசினா என் வக்கீல் சன்னதுக்கே உலை. ஒத்திகை ரூமுக்கு வெளியே அடுத்தவங்க குரலை எடுத்தே, அப்புறம் நானே உனக்கு நோட்டீஸ் விடுவேன்!" பிறகு கமிட்டியிடம் திரும்பி முதல் கேள்வி கேட்டாள்: "தண்ணி இப்ப என்ன கலர்?" ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நோட்டீஸ் போன வேகத்தில் தொட்டியைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பிரசிடென்ட் நிஜமான வியப்போடு சொன்னார்: "மேடம், அதை யாருமே எங்கிட்டே கேட்கலையே!"

சமோசா இடைவேளைக் கச்சேரி

சங்கரலிங்கம் அங்கிள் சொஸைட்டியில் இரண்டாவது ஒத்திகை. இடைவேளையில் சமோசா வந்தது. குரானா அங்கிளுக்குக் குஷி. "பேட்டா, நம்ம பிரசிடென்ட் சாப் மாதிரி பேசிக் காட்டு" என்றார். ஒத்திகை ரூமுக்குள்தானே என்று எனக்கும் நாக்கு ஊறியது. நாற்காலியில் சாய்ந்து, தொண்டையை இழுத்துக் கனைத்து, திருநெல்வேலி ராகத்தில் ஹிந்தி: "தேக்கியே, ரூல்னா ரூல்தான், இதுல பேச்சுக்கே இடமில்ல..." வெளியே நின்ற செக்யூரிட்டி கார்டு கதவைத் திறந்து சல்யூட் அடித்துவிட்டு, குழம்பிப்போய் என்னையும் பிரசிடென்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

ரூமே உருண்டது. குரானா அங்கிள் மொபைலில் பதிவு செய்து, மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார். சிரிக்காதவள் சித்தி மட்டும்தான். சங்கரலிங்கம் அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இத எம் பொண்டாட்டிகிட்ட போட்டுக் காட்டுனா, ‘மாத்திரை போட்டியளா’ன்னு கேப்பா!"

மணி அடிக்காத லிஃப்ட்

அதே சொஸைட்டியில் செல்வி அக்கா பல வீடுகளில் வேலை செய்கிறாள். விழுப்புரம் பக்கம். ஜூன் மாத வெயிலில் ஒரு மத்தியானம், கரன்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது; ஜெனரேட்டர் வந்தும் நகரவில்லை. உள்ளே அவள் மட்டும். அபாய மணியை அமுக்கினாள். மணி அடிக்கவில்லை. பிள்ளைகள் விளையாட்டாக அதை அமுக்குகிறார்கள், பிரசிடென்ட்டின் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று கமிட்டி அதன் வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தது.

கதவைத் தட்டினாள். தட்டினால் யாருக்குக் கேட்கும்? நம் அடுக்குமாடிகளில் எந்த நேரமும் எங்கோ ஒரு வீட்டில் சுத்தியல் சத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். எல்லோரும் கார்ப்பென்டர் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைவீதியிலிருந்து திரும்பிய ஒரு பெண்மணிதான், "பையா, பையா" என்று சுவருக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு நடுங்கிப்போய் கார்டுகளைக் கூப்பிட்டாள். அவர்கள் கடப்பாரையால் கதவைப் பிளந்ததையும் படமெடுத்தாள்.

அந்த வீடியோவை நான் பார்த்தேன். செல்வி அக்கா வேர்வையில் நனைந்து வெளியே வந்து, அப்படியே தரையில் உட்காருகிறாள். சுற்றி நிற்பவர்கள் ஹிந்தியில் ஏதேதோ கேட்கிறார்கள். அவள் தமிழில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அங்கே யாருக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை: "மணிய அமுக்கிக்கிட்டே இருந்தேனே, ஒருத்தருக்குமா கேக்கல?"

இரண்டு குரூப், ஒரே படம்

சொஸைட்டிக்கு வாட்ஸப்பில் இரண்டு குரூப். ஒன்று கமிட்டிக்கு, ஒன்று குடியிருப்போர் எல்லோருக்கும். இரண்டுக்கும் முகப்பில் ஒரே கேட் படம். மறுநாள் காலை சங்கரலிங்கம் அங்கிள் கமிட்டிக்கு என்று நினைத்து ஒரு குரல் பதிவை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அவருக்கே உரிய ராகத்தில் ஹிந்தி: "லிஃப்ட் விஷயம் வெளிய போகக் கூடாது. மணி வயர் பத்தி யாரும் மூச்சு விடாதீங்க. அந்தப் பொம்பளை யார்கிட்டயாவது பேசினா, உள்ள வர்ற கேட் பாஸை நிறுத்துங்க. சொஸைட்டி மானம் முக்கியம்."

பிசகு புரிந்ததும் பதறி அழித்தார். எப்படி? ‘எல்லோருக்கும் அழி’ என்பதை விட்டுவிட்டு ‘எனக்கு மட்டும் அழி’யை அமுக்கினார். அவர் போனிலிருந்து போயிற்று. போய்த் தொலைந்தது என்று நிம்மதியாகத் தோசை சாப்பிட்டார். அவர் கை கழுவுவதற்குள் அது யமுனையைத் தாண்டி நொய்டா போய்விட்டது.

செல்வி அக்கா வேலைக்கு வந்தபோது கேட்டில் நிறுத்திவிட்டார்கள். யார் பாஸை நிறுத்தச் சொன்னது? தனியாக யாரும் உத்தரவு போடவில்லை. கார்டும் அந்தக் குரூப்பில் இருந்தார். விஷயம் கேட்கப் போன சித்தியிடம் அவர் விறைப்பாகச் சொன்னார்: "பிரசிடென்ட் சாப் ஆர்டர் மேடம். நீங்க கேட்கலையா? எல்லாரும் கேட்டாச்சே!"

குரானா அங்கிளின் யோசனை

ஒரு சேனலிலிருந்து போன் வந்தது. சாயங்காலம் நிருபர் வருகிறாராம். கமிட்டி ரூமில் எல்லோருக்கும் முகத்தில் ரத்தமில்லை. நான் கரண்டியோடு மூலையில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் கும்மாளமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் மிரட்டியது பலிக்கப் போகிறதல்லவா!

அப்போது குரானா அங்கிள் மொபைலை எடுத்தார். சமோசா நாளில் நான் பேசியது ரூம் முழுக்க ஒலித்தது: "தேக்கியே, ரூல்னா ரூல்தான்..." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "குரல் பிரசிடென்ட் சாபுடையதே இல்லை. இந்தப் பொண்ணு விளையாட்டுக்கு மிமிக்ரி பண்ணிச்சு, யாரோ பரப்பிட்டாங்க. ஆதாரம் இதோ! கதை முடிஞ்சது."

இத்தனை குரல் இருந்தும் ஒரு குரல் வரவில்லை. சங்கரலிங்கம் அங்கிளைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தேன். அவள் வக்கீல் முகத்தோடு, "அகிலா, நீ வெளியே போய் உட்காரு" என்றாள். அவள் அவர்களுடைய வக்கீல். என்னுடைய வக்கீல் இல்லையே! கதவை நோக்கி நடந்தபோது குரானா அங்கிள் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்: "பயப்படாதே பேட்டா, சின்னப் பொண்ணுன்னா நாலு நாள்ல மறந்துடுவாங்க!"

கதவுக்கு வெளியே

படிக்கட்டில் செல்வி அக்கா உட்கார்ந்திருந்தாள். பாஸ் விஷயமாகக் கமிட்டியைப் பார்க்கச் சித்திதான் கேட்டில் சொல்லி உள்ளே விடவைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. குரானா அங்கிள் குரல் ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. நாளைக்கு என் படம் டி.வி.யில் வரும். அப்பா ஆபீஸ், கல்லூரி, அக்கம்பக்கம் எல்லாம், ‘அந்தக் குரல் குடுத்த பொண்ணு’ என்று கை நீட்டும். இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பொய்க் குரலில் பேசிப் பேசியே வளர்ந்தவள் நான். கரண்டியை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"இன்னா பாப்பா, மொகமே சரியில்ல?" என்றாள். சொன்னேன். பாதி சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். கமிட்டி ரூமின் மூடிய கதவையே பார்த்தாள். லிஃப்ட் கதவையும் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று தோன்றியது. பிறகு சொன்னாள்: "அது உன் வெளையாட்டுக் குரலுன்னு ஆயிட்டா, என்னை யாருமே மெரட்டலன்னு ஆயிடுமே பாப்பா, அப்புறம் எனக்கு யாரு பதில் சொல்றது?"

சித்தி சொன்ன சட்டம்

கதவு திறந்தது. சித்தி எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். "உங்ககிட்ட சொன்னதை இவங்க முன்னாடியும் சொல்லிடறேன் சார்" என்று சங்கரலிங்கம் அங்கிளிடம் ஆரம்பித்தாள். குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "இந்தப் பொய்யை நீங்க சொன்னா, அடுத்த நிமிஷம் நான் உங்க வக்கீல் இல்ல. இவ அப்பா வேற வக்கீலைப் பார்ப்பார். அவர் முதல்ல கேட்கிறது, ‘எந்த போன்லேர்ந்து போச்சு?’ உங்க போன்லேர்ந்து. நீங்க அழிச்சது உங்களுக்கு மட்டும்தான், மத்த எல்லார்கிட்டயும் உங்க பேரோட இருக்கு. இன்னிக்கு நியூஸ், ‘லிஃப்ட் நின்னுது’. அது ஒரு நாள் பேச்சு. நாளைக்கு நியூஸ், ‘தப்பை மறைக்க ஒரு பொண்ணு மேல பழி போட்ட கமிட்டி’. அது உங்க ஆயுசுக்கும் வரும்."

குரானா அங்கிள், "அப்போ என்னதான் செய்யறது?" என்றார். "மணியை மாட்டுங்க. இவங்க பாஸைத் திறங்க. ரெண்டும் நடந்த பிறகு கேமரா முன்னாடி போங்க. போய், நடந்ததைச் சொல்லுங்க. செய்யாம சொன்னா அதுவும் பொய்தான்." சங்கரலிங்கம் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். கடைசியில் சொன்னார்: "எலெக்ட்ரீஷியனக் கூப்புடுங்க. ஆனா வக்கீலம்மா, நான் அத என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

கடைசி ஒத்திகை

எலெக்ட்ரீஷியன் ஒரு பக்கம் வயரை மாட்டிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் சித்தி என்னைப் பார்த்தாள். கரண்டியை எடு என்று கண்ணால் சொன்னாள். சற்று முன் என்னைப் பலி கொடுக்கப் பேசியபோது தரையைப் பார்த்திருந்த மனிதர் முன்னால் நான் நின்று கேள்வி கேட்க வேண்டும். அவருக்கும் என்னைப் பார்த்துப் பயம். இரண்டு பயமும் ஒரு கரண்டியின் இரு முனையில்.

சேனல் குரலில் கேட்டேன்: "அந்தக் குரல் யாருடையது?" "விசாரிச்சிட்டு இருக்கோம்" என்றார். சித்தி, ‘கூடாது’ என்று தலையை ஆட்டினாள். மறுபடி கேட்டேன். "தொழில்நுட்பக் கோளாறு" என்றார். மறுபடி. "வயசாயிட்டு, கை தவறி..." சேனல் குரல் எனக்கே சலித்துப்போயிற்று. என் சொந்தக் குரலில், ரொம்பச் சின்னதாக, "அங்கிள், அது யார் குரல்?" என்று கேட்டேன். அவர் அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு செல்வி அக்காவைப் பார்த்தார். லிஃப்ட்டில் சோதனைக்காக யாரோ அமுக்கிய அபாய மணி கட்டடம் முழுக்க அலறியது. அது அடங்கும் வரை காத்திருந்து சொன்னார்: "என் குரல்தாம்ளா."

விமானம்

நிருபர் என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். கேட்டுக்கு வெளியே நிஜ மைக்கை நீட்டினாள். அந்தக் குரல் உங்களுடையதா என்று கேட்டாள். சங்கரலிங்கம் அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோயிலில் நிற்கிற பணிவு, வேட்டி ஒன்றுதான் குறை. அவர் வாயைத் திறக்கவும், ஏர்போர்ட்டுக்கு இறங்கும் விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேல் முழங்கிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. துவாரகாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், நம் வாழ்க்கையின் முக்கியமான வாக்கியங்கள் எல்லாம் விமானத்துக்கு அடியில்தான் சொல்லப்படும். அவர் உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. "சார், மறுபடி சொல்லுங்க" என்றாள் நிருபர்.

எனக்கு உயிர் போய்விட்டது. இப்போது மாற்றிச் சொல்லலாம். யாருக்கும் தெரியாது. குரானா அங்கிள் கையில் மொபைல் தயாராக இருந்தது. சித்தி அசையவில்லை. நான் என் கரண்டியைப் பற்றிக்கொண்டேன். சங்கரலிங்கம் அங்கிள் வானத்தைப் பார்த்தார், விமானம் போய்விட்டதா என்று உறுதி செய்துகொண்டார், தொண்டையை இழுத்துக் கனைத்தார். "என் குரல்தான். மணி வயரைப் பிடுங்கினதும் நாங்கதான். அந்தம்மாவை மிரட்டினது பெரிய தப்பு, அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றார். நிருபர் அடுத்த கேள்வியைத் தேடினாள். ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கு ஒளிபரப்பில் அந்த சொஸைட்டி, ஒரு டிராஃபிக் ஜாமுக்கும் யார் வீட்டுச் சமையலறையிலோ புகுந்த பாம்புக்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம் வந்து போயிற்று. மறுநாள் செல்வி அக்கா கேட்டில் நுழைந்தபோது, முந்தைய நாள் விறைத்த அதே கார்டு, அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

அந்த வாரக் கடைசியில் சங்கரலிங்கம் அங்கிள் சித்தி ஆபீஸுக்கு அல்வாப் பெட்டியோடு வந்தார். என்னிடம் நேராக மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை போலிருக்கிறது. பெட்டியை என் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது கதவருகே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏளா அகிலா, டி.வி.ல என் குரல் எடுபடவே இல்ல பாத்தியா? நீ பேசியிருந்தா என்னய மாதிரியே இருந்திருக்கும்!"

ஆக, என் உத்தியோகத்தின் சாரம் இவ்வளவுதான்: ஒரு நல்ல வக்கீலும் ஒரு சாதக் கரண்டியும் இருந்தால், எப்பேர்ப்பட்ட பிரசிடென்ட்டையும் அவருடைய சொந்தக் குரலிலேயே பேசவைத்துவிடலாம்.